அகல டயருக்கு இடம் எங்கிருந்து வருகிறது? பழைய பிக்கப்பின் பின் சஸ்பென்ஷன் மாற்றம், அடிப்படையிலிருந்து

பழைய அமெரிக்க பிக்கப் வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் பேச்சில் மூன்று வேலைகள் எப்போதும் கலந்துவிடுகின்றன: வண்டியைத் தாழ்த்துவது, ஆக்சிலைக் குறுக்குவது, பின்னால் அகலமான டயர் ஏற்றுவது. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடும் என்று நம்பி ரிம்மும் டயரும் முதலில் வாங்கிவிடுகிறார்கள். மாட்டிப் பார்த்தால் ஸ்பிரிங்கில் இடிக்கிறது, அல்லது மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

தாழ்த்துவது உயரத்தை மாற்றும்; அகலத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தராது. ஆக்சிலைக் குறுக்கினால் டயர் உள்ளே தள்ளிப் போகும்; அது போய் நிற்க உள்ளே இடம் இருந்தால்தான் பயன். மட்கார்டை வெளியே அகட்டாமல் இடத்தைப் பெருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: டயரின் உட்பக்கம் நிற்கும் தடையை நகர்த்துவது. பின் சஸ்பென்ஷனில் கைவைப்பது அதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஷெவர்லே சி10 வரிசையை எடுத்துக்கொள்வோம். 1973 முதல் 1987 வரை வந்த, ‘ஸ்கொயர்பாடி’ என்று அழைக்கப்படும் தலைமுறையில் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். நம் ஊர் லாரிப் பட்டறையில் கமான் பட்டை என்பார்களே, அதேதான். அதற்கு முந்தைய 1960–72 சி10 வண்டிகளில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங். பெயர் ஒன்றுதான் என்றாலும் இரண்டிலும் தடை நிற்கும் இடம் வேறு, செய்யவேண்டிய வேலையும் வேறு.

சுவருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பீரோ

அறையில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கதவு. நடுவே பீரோ. பெரிய பீரோ வாங்க நினைத்தால் இடைவெளியை அளந்தால் மட்டும் போதாது; கதவு திறக்கும்போது எங்கே வந்து இடிக்கும் என்றும் பார்க்கவேண்டும்.

டயரும் அப்படித்தான் நிற்கிறது. உள்பக்கச் சுவர் பட்டை, அதன் பின்னால் சேசிஸ் சட்டம், மேலே சரக்குத் தொட்டிக்குள் புடைத்திருக்கும் தகரச் சக்கரக் கூடு. வெளிப்பக்கச் சுவர் மட்கார்டின் விளிம்பு. பீரோ அசையாது; டயரோ வண்டி ஓடும்போது மேலும் கீழும் ஏறி இறங்கும், சாயவும் செய்யும். நிற்கும்போது இடிக்காத டயர் பள்ளத்தில் இறங்கும்போது இடிப்பது அதனால்தான்.

எவ்வளவு சாயும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். இடது சக்கரம் மட்டும் 75 மி.மீ. மேட்டில் ஏறுகிறது, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 1600 மி.மீ. என்றால் ஆக்சில் ஏறக்குறைய 2.7 டிகிரி சாய்கிறது. 676 மி.மீ. விட்டமுள்ள டயரின் உச்சி அப்போது ஏறத்தாழ 16 மி.மீ. உள்ளே வருகிறது. வலது டயரின் உச்சி அதே அளவு வெளியே போகிறது. ஆகவே உள்ளே 25 மி.மீ., வெளியே 20 மி.மீ. என்பதை விடவேண்டிய குறைந்தபட்ச இடைவெளியாகக் கொள்ளுங்கள்.

சுருக்கமாக: டயர் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஆடிக்கொண்டே இருக்கும் பொருள். தேவைப்படும் இடம் என்பது டயரின் அகலமும் ஏறக்குறைய 45 மி.மீ. ஆட்ட இடமும் சேர்ந்தது.

முதலில் அளவு, பிறகுதான் கடை

எல்லா அளவும் ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறது: ரிம் வந்து உட்காரும் பிரேக் டிரம்மின் தட்டையான முகம். இதை வீல் முகம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி சமதளத்தில், ஓடும் உயரத்தில் நிற்கவேண்டும். ஜாக்கியில் தொங்கும் ஆக்சிலை அளந்தால் அந்த அளவு எதற்கும் உதவாது. ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியின் எடை ஸ்பிரிங் மேல் இருக்கும்படி செய்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். வீல் முகத்தில் நேர்ப்பட்டை ஒன்றை வைத்து, அங்கிருந்து உள்ளே பட்டையின் விளிம்பு வரை அளக்கவும். மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, வீல் முகத்திலிருந்து அந்த நூல் வரை வெளிப்பக்கம் அளக்கவும். இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுங்கள். நாற்பது, ஐம்பது வருட வண்டியில் சரக்குத் தொட்டி ஒரு பக்கமாக 5, 6 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருப்பது சாதாரணம்.

ஓர் உதாரண வண்டியில் உள்ளே 150, வெளியே 140 மி.மீ. கிடைத்தது என்று கொள்வோம். மொத்தம் 290.

டயரின் பக்கச்சுவரில் 295/50 ஆர் 15 என்று இருந்தால், 295 என்பது டயரின் புடைப்பு அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த வண்டிகளில் பரவலாக ஓடும் 235/75 ஆர் 15 டயருக்கு 235-உம் 45-உம் சேர்ந்து 280 வேண்டும், 290-க்குள் அடங்கிவிடும். 275 டயருக்கு 320 வேண்டும். 295-க்கு 340. அதாவது 50 மி.மீ. குறைகிறது.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடலாம். 235/75 டயரின் மொத்த உயரம் 733 மி.மீ.; 295/50 டயருக்கு 676 மட்டுமே. அகலம் கூடி உயரம் குறைந்த டயர் ஒரே வேகத்துக்கு அதிகம் சுற்றும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 55-ஐ ஒட்டித்தான் ஓடும்.

சுவரை நகர்த்துவது

ஸ்கொயர்பாடியில் பட்டை சேசிஸ் சட்டத்தின் வெளிப்பக்கமாகத் தொங்குகிறது. பட்டையின் அகலம் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மி.மீ. அதை உள்ளே கொண்டுபோய்ச் சட்டத்துக்கு நேர் அடியில் வைத்தால், பட்டையின் அகலமும் அதற்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த சிறு இடைவெளியும் டயருக்குக் கிடைக்கின்றன. நம் உதாரணத்தில் அது 70 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 290 இப்போது 360 ஆகிவிட்டது. 295 டயருக்கு வேண்டியது 340. கையில் 20 மிச்சம். அதற்கு மேல் பட்டையை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் பயனில்லை. ஏனென்றால் அடுத்த சுவர் சேசிஸ் சட்டமேதான்.

பட்டைக்கு மூன்று பிடிமானங்கள் உண்டு. முன்னால் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர். பின்னால் ஷேக்கிள்: பட்டை நிமிரும்போது அதன் நீளம் மாறுவதால், ஊஞ்சல்போல் ஆடி இடம் கொடுக்கும் இணைப்பு. நடுவில் ஆக்சில் குழாய்மேல் பற்றவைத்த இருக்கை. இதில்தான் பட்டையைப் பிடிக்கும் யு-போல்ட் வந்து இறுகும். மூன்றும் சரியாக ஒரே அளவு உள்ளே நகரவேண்டும். முன்னால் 70, பின்னால் 66 என்று விட்டுவிட்டால் பட்டை கோணலாக இழுபட்டு, அதன் முனை வளையத்துக்குள் (கண் என்பார்கள்) இருக்கும் ரப்பர் புஷ் ஒரு பக்கமாகத் தேயும். கிறீச்சென்ற சத்தம் வரும். காரணம் புரியாமல் கிரீஸ் போட்டுக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

பழைய ஹேங்கர்கள் ரிவெட் அடித்தவை. ரிவெட்டின் தலையை அரைத்து எடுத்து, நடுவில் துளைபோட்டு, பஞ்ச் வைத்து அடித்தால் வந்துவிடும். வெட்டுத்தீ வைத்து ஊதி எடுக்கிறவர்கள் சட்டத்தின் துளையையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். முன் ஹேங்கர்தான் வண்டியைத் தள்ளும் விசையையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகிறது. சி வடிவச் சட்டத்தின் வெறும் தகட்டில் அதைப் பிணைக்கக்கூடாது. உள்ளே 6 மி.மீ. தகடு தாங்கலாக வைத்து, கிரேடு 8 என்ற உறுதி கூடிய வகை போல்ட் போடுங்கள்.

புது இருக்கைகளை ஆக்சிலில் பற்றவைப்பதற்கு முன் இன்னொரு கோணம் இருக்கிறது. ஆக்சிலின் நடுவே உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலைச் சுழற்றும் சிறு பல்சக்கரம் பினியன். அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பினியன் கோணம். கியர் பெட்டியின் வெளித்தண்டும் பினியனும் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவை இரண்டையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரண்டு ஜாயிண்டும் வெவ்வேறு தாளத்தில் சுற்றி, வண்டி அதிரும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பட்டை முறுகிப் பினியன் மூக்கு மேலே எழும்பும். அதனால் நிற்கும்போது 1 முதல் 2 டிகிரி கீழ்நோக்கி வைப்பது வழக்கம். இருக்கைகளை முதலில் புள்ளிப் பற்றாக மட்டும் வைத்து, வண்டியின் முழு எடையையும் இறக்கி, கோணமானியால் சரிபார்த்த பிறகுதான் முழுப் பற்று.

பற்றவைக்கும்போதும் அவசரம் கூடாது. ஆக்சில் குழாயின் ஒரே பக்கத்தில் நீளமாகப் பற்றவைத்தால் குழாய் அந்தப் பக்கமாக வளையும். பிறகு பேரிங்கும் ஆயில் சீலும் அடிக்கடி போகும். 25 மி.மீ. பற்று, அடுத்தது எதிர்ப்பக்கம், நடுவே ஆறவிட்டு என்று போகவேண்டும். எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள், மின்சாரம் பேரிங் வழியாகப் பாயக்கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடவும். பெட்ரோல் டேங்க் அருகில் இருந்தால் அதை இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்த பிறகே தீ. பட்டைமேல் தீப்பொறி தெறிக்காமல் மூடிவையுங்கள். சூடேறிய இடத்தில் பட்டையின் பதம் போய், அங்கேயே ஒருநாள் முறியும்.

சுருக்கமாக: ஹேங்கர், ஷேக்கிள், இருக்கை மூன்றும் சம அளவில் உள்ளே போகும், அதிகபட்சம் சேசிஸ் சட்டத்தின் அடிவரை. பினியன் கோணம் முடிவாகும்வரை முழுப் பற்று வேண்டாம்.

உள்ளே போன பட்டை வண்டியை ஆட்டும்

நீளமான தட்டு ஒன்றை இரண்டு ஓரத்திலும் பிடித்துத் தூக்கினால் நிலையாக இருக்கும். அதே தட்டை நடுவில் இரண்டு கையையும் நெருக்கி வைத்துப் பிடித்தால் லேசாகத் தொட்டாலே சாயும். எடையும் அதேதான், கைப்பலமும் அதேதான். பிடித்த அகலம்தான் குறைந்திருக்கிறது.

இரண்டு பட்டைகளுக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்தால், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் விறைப்பு அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. 1100 மி.மீ. இருந்தது பக்கத்துக்கு 70 வீதம் 960 ஆனால், விறைப்பில் மிஞ்சுவது 76 சதவீதம். கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. நேர்ச்சாலையில் இது தெரியாது. வளைவில், அதுவும் அகல டயரின் பிடிப்பை நம்பி வேகமாகத் திரும்பும்போது தெரியும். பின்பக்கம் ஆன்டி-ரோல் பார் ஒன்று, அதாவது இரு சக்கரங்களையும் இணைத்து முறுக்கு விசையால் சாய்வைத் தடுக்கும் தண்டு, போட்டால் இழந்ததைத் திரும்பப் பெறலாம். இந்த மாற்றத்தைச் செய்கிறவர்கள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான். என்னைக் கேட்டால் இதைச் செலவுப் பட்டியலின் தொடக்கத்திலேயே எழுதிவைக்கவேண்டும்.

தாழ்த்தும் வேலை ஏன் கூடவே வருகிறது

பட்டை சட்டத்துக்கு வெளியே இருந்தவரை, ஏற்றத்தில் அது சட்டத்தை ஒட்டி மேலே போக இடம் இருந்தது. அடியில் வந்த பிறகு தலைக்கு மேலே சட்டம் நிற்கிறது. பட்டையின் கண்ணைச் சட்டத்துக்குக் கீழே தொங்கவிட வேண்டியிருப்பதால் வண்டியின் பின்பக்கம் உயர்ந்துவிடும். அதைச் சரிசெய்யத்தான் பலர் ஆக்சிலைப் பட்டைக்கு மேலே மாற்றுகிறார்கள். ஃப்ளிப் என்பது இதுதான். ஆக்சில் குழாயின் விட்டமும் பட்டை அடுக்கின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி இறங்கும்.

இறங்கிய பிறகு ஆக்சில் சட்டத்தில் போய் இடிக்கும். அதனால் ஆக்சிலுக்கு நேர் மேலே சட்டத்தின் அடியை அரைவட்டமாக வெட்டி, வெட்டிய இடத்தைச் சுற்றித் தடித்த தகட்டுச் சட்டகம் வைத்து வலுப்படுத்துகிறார்கள். சி-நாட்ச் என்று பெயர். வெட்டுவதற்கு முன்பே வெட்டுக்கு இருபுறமும் சட்டத்துக்குத் தாங்கு கொடுங்கள். வலுப்படுத்தாமல் வெட்டு மட்டும் போட்ட சட்டம் முதல் சுமையிலேயே அந்த இடத்தில் மடங்கலாம். சி-நாட்ச் ஆக்சிலுக்கு மேலே இடம் தருகிறது. டயரின் பக்கவாட்டில் எதுவும் தருவதில்லை.

ஆக்சிலை எப்போது குறுக்கவேண்டும்

இங்கேதான் குழப்பம் அதிகம், எனவே கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள்.

பட்டையை நகர்த்திய பிறகு நம் உதாரண வண்டியில் வீல் முகத்துக்கு உள்ளே 220, வெளியே 140. 295 டயரை உள்ளே 35, வெளியே 30 இடைவெளி விட்டு நிறுத்தினால், டயரின் உள்விளிம்பு வீல் முகத்துக்கு 185 மி.மீ. உள்ளேயும், வெளிவிளிம்பு 110 மி.மீ. வெளியேயும் இருக்கும். டயரின் நடுக்கோடு வீல் முகத்துக்கு 37.5 மி.மீ. உள்ளே விழுகிறது.

ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வீல் முகத்தில் உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரம் ஆஃப்செட். ரிம்மின் உள்விளிம்பிலிருந்து அதே இடம் வரை அளந்தால் பேக்ஸ்பேஸ். 10 அங்குல ரிம் என்பது டயர் உட்காரும் அகலம் மட்டும். இரண்டு உதடுகளும் சேர்த்து ஏறக்குறைய 11 அங்குலம். பாதி ஐந்தரை. அதோடு 37.5 மி.மீ., அதாவது ஒன்றரை அங்குலம், கூட்டினால் 7 அங்குலப் பேக்ஸ்பேஸ். அப்படியொரு ரிம் கிடைத்து, டிரம்மில் இடிக்காமல் இருந்தால், ஆக்சிலைத் தொடவே வேண்டாம்.

ஆனால் பழைய பிக்கப்பில் பலருக்குப் பிடித்தது வெளிப்பக்கம் ஆழமாகக் குழிந்த ரிம். அதற்குப் பேக்ஸ்பேஸ் 4 அங்குலம் என்று வையுங்கள். டயர் அதே இடத்தில் நிற்கவேண்டுமானால் வீல் முகம் 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. உள்ளே வரவேண்டும். பக்கத்துக்கு 76, மொத்தம் 152 மி.மீ. குறுகிய ஆக்சில். டயரின் இடம் ஒரு மில்லிமீட்டரும் மாறவில்லை, மாறியது ரிம்மின் தோற்றம் மட்டுமே. ஆழக் குழிவு வேண்டும் என்பவர்களுக்கு அந்தச் செலவு நியாயமானதுதான். எதற்காகச் செலவழிக்கிறோம் என்று தெரிந்து செய்தால் போதும்.

ஆக்சில் குறுக்குவது வீட்டு முற்றத்து வேலை இல்லை. ஆக்சிலின் வெளிக்கூடான ஹௌசிங்கின் இரு முனைகளையும் வெட்டி, பேரிங் இடங்கள் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வர உள்ளே நேர்த்தண்டு செருகிப் பற்றவைக்கவேண்டும். உள் தண்டுகளை வெட்டிப் புதிதாகப் பல் வெட்டவேண்டும், அல்லது புதிதாகச் செய்து வாங்கவேண்டும். லேத்தும் அந்தத் தண்டும் உள்ள பட்டறைக்கே அனுப்புங்கள். அளவை எப்போதும் வீல் முகத்திலிருந்து வீல் முகத்துக்குக் கொடுங்கள். பினியனை நடுவாகக் கொண்டு அளக்காதீர்கள், பல வண்டிகளில் பினியன் நடுவில் இருக்காது.

சுருக்கமாக: டயர் எங்கே நிற்கவேண்டும் என்பதைச் சுவர்கள் முடிவுசெய்கின்றன. அங்கே அதை நிறுத்த ரிம்மின் பேக்ஸ்பேஸ், ஆக்சிலின் நீளம் என இரண்டு கருவிகள். ஒன்றை மாற்றினால் இன்னொன்றை மாற்றத் தேவையில்லாமல் போகலாம்.

1960–72 சி10: தடை வேறு

இந்த வண்டிகளில் ஆக்சிலைப் பிடிப்பவை, சேசிஸின் நடுப்பகுதியிலிருந்து பின்னோக்கி வரும் இரண்டு நீண்ட கைகள். டிரெய்லிங் ஆர்ம் என்பார்கள். ஸ்பிரிங் அவற்றின்மேல் சுருளாக நிற்கிறது. இந்த அமைப்பின் வழிவந்ததைத்தான் நாஸ்கார் கோப்பைப் பந்தயக் கார்கள் 2021 வரை பின்பக்கம் பயன்படுத்தின. டயரை ஒட்டி நீளமாக ஓடும் பட்டை இங்கே இல்லை. எனவே இந்த வண்டிகளுக்கு உள்பக்க இடம் இயல்பிலேயே அதிகம்.

சிக்கல் பான்ஹார்ட் தண்டில். ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை ஆக்சிலிலும் மாட்டி, ஆக்சில் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கும் குறுக்குத் தண்டு அது. கீலில் ஆடும் கதவின் நுனி வட்டமாக நகர்வதுபோல, ஆக்சில் ஏறி இறங்கும்போது இந்தத் தண்டின் நுனியும் வட்டப்பாதையில் போகிறது. ஆக்சிலைக் கொஞ்சம் பக்கவாட்டிலும் இழுக்கிறது. 600 மி.மீ. தண்டு கிடைமட்டத்திலிருந்து 100 மி.மீ. மாறினால் இழுப்பு 8.4 மி.மீ. 900 மி.மீ. தண்டுக்கு அதே மாற்றத்தில் 5.6 தான். தாழ்த்திய சி10-இல் ஒரு பக்க டயர் மட்டும் மட்கார்டில் உரசுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. நீளம் கூடிய, திருகி அளவு மாற்றக்கூடிய பான்ஹார்ட் தண்டு போட்டு, வண்டி ஓடும் உயரத்தில் நிற்கும்போது ஆக்சிலை நடுவில் கொண்டுவந்தால் 275 அகலத்தை யோசிக்கலாம். அதற்கு மேலே போனால் சரக்குத் தொட்டியின் சக்கரக் கூட்டை வெட்டி உள்ளே அகட்டும் வேலை வந்துவிடும்.

பூட்டிய பிறகு

ஸ்பேசர் வைத்துச் சமாளிப்பதைப் பற்றி ஒரு சொல். மெல்லிய தட்டை டிரம்முக்கும் ரிம்முக்கும் நடுவே செருகினால் நட் பிடிக்கும் மரை குறைகிறது. நட் மாட்டும் ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தபட்சம் அவ்வளவு ஆழம் மரை பிடிக்கவேண்டும். அரை அங்குல ஸ்டட்டுக்கு அரை அங்குலம். அது இல்லையென்றால் அந்தச் சக்கரத்தோடு தெருவுக்கே போகக்கூடாது.

பழைய யு-போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுகி நீண்ட மரை மறுபடி அதே இறுக்கத்தைத் தராது. நான்கு நட்டையும் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். பட்டைக் கண்ணின் போல்ட்டை மட்டும் கடைசியில், வண்டி தரையில் நின்று எடை இறங்கிய பிறகே இறுக்கவும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுகியபடி இருந்து கிழிந்துவிடும். முன் ஹேங்கர் போல்ட்டிலிருந்து எதிர்ப்பக்க ஆக்சில் முனைக்கு மூலைவிட்டம் அளந்து, இரண்டு பக்கமும் 3 மி.மீ.க்குள் ஒத்துவருகிறதா பாருங்கள். ஒத்துவராத வண்டி நேர்ச்சாலையிலும் நண்டுபோல் ஒருசாய்ந்து போகும்.

முழு அடுக்கையும் மாட்டுவதற்கு முன், முதன்மைப் பட்டை ஒன்றை மட்டும் வைத்து, டயரோடு ஆக்சிலை ஜாக்கியால், ஏற்றத்தைத் தடுத்து நிறுத்தும் பம்ப்-ஸ்டாப் ரப்பர் வரை தூக்கிப் பாருங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஹேண்ட்பிரேக் கேபிள் டயரில் படுகிறதா, சைலன்சர் குழாய் எங்கே போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். முதல் ஓட்டத்துக்கு முன் மட்கார்டின் உள்விளிம்பிலும் சட்டத்தின் பக்கத்திலும் சாக்கட்டியால் பூசிவிடுங்கள். வேகத்தடைமேல் கோணலாக ஏறி இறங்கி, பின்னால் இரண்டு பேரை உட்காரவைத்து ஒருமுறை ஓட்டி வாருங்கள். சாக்கட்டி அழிந்த இடம்தான் இன்னும் இடம் வேண்டிய இடம். 150 கி.மீ. ஓடியதும் யு-போல்ட் நட்டுகளையும் வீல் நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதுப் பட்டை அடுக்கு படிந்து, முதல்முறை நட்டுகள் கட்டாயம் கொஞ்சம் சுற்றும்.